பின்சீட்டை விட்டு இறங்கிய விப்கே

எங்கள் ஊர் மோட்டார்சைக்கிள் சங்கத்தில் இந்த வசந்தத்தில் சிலர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காக ஏதாவது எழுதிக் கொடு என்று என்னிடம் சொன்னார்கள். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருப்பவள் நான்தான். எனக்குத்தான் நேரம் இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. விதிகள் எல்லாம் நாங்கள் கூடும் தீயணைப்பு நிலையச் சுவரில் ஏற்கெனவே ஒட்டியிருக்கின்றன. அவற்றை நான் திரும்ப எழுதினால் யாரும் படிக்கப் போவதில்லை. அதனால் விப்கேயைப் பற்றி எழுதுகிறேன். போன ஏப்ரலில் நடந்தது இது. நான் பக்கத்திலேயே இருந்தேன்.

விப்கே எங்கள் ஊர்த் திறந்தவெளி நீச்சல் குளத்தின் காவலர். வேசர் ஆற்றின் இந்தக் கரையில் வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் அவரிடம்தான் நீச்சல் கற்றோம். எல்லோருமே அவருடைய விசிலுக்குப் பயந்தவர்கள்தான். எழுதும்போதுதான் 'அவர்' என்கிறேன். நேரில் 'நீ'தான். வண்டி ஓட்டுபவர்களுக்குள் இங்கே ஜெர்மனியில் 'நீங்கள்' கிடையாது. வங்கி மேலாளரே ஆனாலும் ஹெல்மெட்டை மாட்டிவிட்டால் 'நீ'தான்.

ஆனால் இந்தப் பக்கத்து வண்டிக்காரர்களுக்கு விப்கே என்றதும் விசில் ஞாபகம் வராது. ஒரு கைதான் ஞாபகம் வரும். அவருடைய கணவர் ஹென்னிங் எங்கள் சங்கத்தின் பயணத் தலைவர். கல்யாணமான நாளிலிருந்து விப்கே அவர் பின்னால் உட்கார்ந்து போனவர். எதிரே வருகிற வண்டிக்காரருக்கு இடது கையைத் தாழ நீட்டி வணக்கம் சொல்வது எங்கள் வழக்கம். ஓட்டுபவருக்குக் கை ஒழியாவிட்டால் பின்னால் இருப்பவர் அதைச் செய்வார். ஹென்னிங் அந்த வேலையை முழுவதுமாக மனைவியிடம் விட்டுவிட்டார். மழையோ வெயிலோ, எதிரே ஒற்றை விளக்கு தெரிந்தால் போதும், விப்கேயின் கை வெளியே வந்துவிடும். பக்கத்து மாவட்டத்துக்காரர்கள்கூட, "அதோ அந்தக் கை வருது" என்பார்களாம்.

அவரை அந்த இடத்திலிருந்து எழுப்பியது ஒரு குளவி. இரண்டு பேரும் விடுமுறையில் ஆல்ப்ஸ் மலைப்பாதை ஒன்றில் போய்க்கொண்டிருந்தபோது குளவி ஹென்னிங்கின் ஹெல்மெட்டுக்குள் புகுந்து புருவத்தில் கொட்டியது. கண் மூடிக்கொண்டது. வண்டியை ஓரமாக நிறுத்தினார்கள். ஓரமாக நிற்கிற வண்டியைப் பார்த்தால் நின்று கேட்காமல் யாரும் போகக் கூடாது. அதன்படி வந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள், கேட்டார்கள். அதில் ஒரு பையன், "அப்போ நீ ஓட்டிட்டுப் போகலாமே" என்று விப்கேயிடம் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறான்.

"எனக்கு ஓட்டத் தெரியாது."

"இத்தனை மலை ஏறி வந்திருக்கியே!"

"உக்காந்து வந்தேன்," என்றாராம் விப்கே.

கடைசியில் இழுவை வண்டி வந்து மோட்டார்சைக்கிளை ஏற்றிக்கொண்டு போனது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த விப்கே, வீங்கிய கண்ணோடு இருந்த கணவரிடம், "ஊருக்குப் போனதும் நான் லைசென்ஸ் எடுக்கப் போறேன்" என்றார். ஹென்னிங் சிரித்தார். விப்கே சிரிக்கவில்லை.

பயிற்சிப் பள்ளியில் நானும் அவரும் ஒரே வகுப்பு. எங்கள் பயிற்றுநர் திருமதி சொய்கா, காரில் பின்னால் வந்துகொண்டு, எங்கள் காதில் மாட்டியிருக்கும் கருவி வழியாகப் பேசுவார். கத்தவே மாட்டார். அதுதான் பயமாக இருக்கும்.

"விப்கே, உங்க கண்ணு எங்க போகுதோ வண்டியும் அங்கதான் போகும். வலது பக்கம் இருக்கிற குப்பைத்தொட்டியைப் பார்க்காதீங்க."

டமார் என்று சத்தம்.

"பார்த்துட்டீங்க," என்றார் சொய்கா.

நடக்கிற வேகத்தில் நேராக ஓட்டிக் காட்டும் பயிற்சியில் விப்கே காலை ஊன்றிவிட்டதால் முதல் தேர்வில் தோற்றார். அன்றைக்கே அடுத்த தேர்வுக்குப் பெயர் கொடுத்தார். இலையுதிர்காலத்தில் தேர்ச்சி பெற்று, கரும்பச்சையில் ஒரு பழைய வண்டி வாங்கினார். அதற்குள் குளிர் வந்துவிட்டது. வண்டி கொட்டகைக்குப் போனது.

எங்கள் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரைக்கும்தான் எண்பலகை செல்லும். ஏப்ரல் கடைசி ஞாயிறு தேவாலய வாசலில் பாதிரியார் வண்டிகளை ஆசீர்வதிப்பார். பிறகு சங்கமே சேர்ந்து ஹாஸல்பெர்க் குன்றின் மேலே போகும். விப்கேக்கு இந்த ஒரு பயணம்தான். மே மாதம் குளம் திறந்துவிடும். அதன்பிறகு இலை உதிர்கிறவரை எல்லா வார இறுதியும் அவர் குளத்தங்கரையில்தான். தொடக்கப் பயணத்தில் சொந்த வண்டியில் போகவில்லை என்றால், லைசென்ஸ் எடுத்த முதல் வருடம் வெறுமனே போய்விடும்.

அதற்கு முந்தைய ஞாயிறு ஒத்திகைக்குக் கிளம்பினோம். குளிர்காலம் முழுக்கச் சும்மா இருந்த கைகால்கள் எல்லாம் மறந்துபோயிருக்கும், பழையவர்களுக்கும் அப்படித்தான். பெட்ரோலை வீட்டிலிருந்து வரும்போதே நிரப்பிக்கொண்டு வர வேண்டும். பத்துப் பேரை நிறுத்தி வைத்துவிட்டுப் பங்க்குக்கு ஓடுகிறவனை ஊல்ஃப் வருடம் பூராவும் கிண்டல் செய்வார். ஊல்ஃப் எங்கள் வால். வரிசையில் கடைசியாக, கயிறும் கருவிப் பையுமாக வருபவர். கசாப்புக் கடைக்காரர், வாய் சும்மா இருக்காது.

வரிசையில் ஆகப் புதியவர் தலைவருக்கு நேர் பின்னால் வர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். தலைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்துப் பார்த்து வேகத்தை வைப்பார். புதியவரைக் கடைசியில் விட்டால், முன்னால் போகிறவர்களைப் பிடிக்கத் துரத்துவார், துரத்துகிறவர்தான் விழுவார். அதனால் ஹென்னிங் முதலில், விப்கே அடுத்து, மூன்றாவதாக நான். நேர்ச்சாலையில் ஒருவர் இடப்பக்கமும் அடுத்தவர் வலப்பக்கமுமாகத் தள்ளித் தள்ளிப் போவோம். வளைவு வந்தால் அந்த ஒழுங்கு தேவையில்லை. அவரவர் தடம் அவரவருக்கு.

ஆற்றோரச் சாலையை விட்டு மேலே ஏறும் இடத்தில் ஒரு நீண்ட இடது வளைவு. எதிரே இரண்டு வண்டிகள் வந்தன. ஓட்டி வந்தவர்கள் கையை நீட்டினார்கள். விப்கேயின் கையும் வெளியே போனது.

நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கை வெளியே இருக்கிறது. சாலை இடதுபுறம் திரும்புகிறது. விப்கேயின் வண்டி திரும்பவில்லை. அவசரமே இல்லாமல், ஏதோ அங்கே போகத்தான் கிளம்பியதுபோல, நாங்கள் போகும் வலது ஓரத்தைத் தாண்டி நேராகச் சாலையை விட்டு இறங்கிப் புதிதாக உழுத வயலுக்குள் போய், கொஞ்ச தூரம் மண்ணைக் கிளறிக்கொண்டு ஓடி, இடப்பக்கமாகச் சாய்ந்தது.

நான் விளக்கைப் போட்டு ஓரம் கட்டினேன். முன்னால் போன ஹென்னிங், கண்ணாடியில் யாரும் இல்லை என்று கண்டதுமே நின்றுவிட்டார். நம் பின்னால் வருகிறவரைக் கண்ணாடியில் காணவில்லை என்றால் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அன்று அது வேலை செய்தது.

விப்கே தானாகவே எழுந்துவிட்டார். முழங்காலில் சிராய்ப்பு. கிளட்ச் லீவரின் முனை உடைந்திருந்தது. ஹெல்மெட் கண்ணாடி முழுக்க மண்.

ஊல்ஃப் மூச்சு வாங்க ஓடி வந்து, அவர் நிற்பதைப் பார்த்ததும் தன் சுபாவத்துக்குத் திரும்பிவிட்டார். "என்ன விப்கே, கிழங்கு போட வந்தியா?"

"வண்டியைத் தூக்குடா முதல்ல."

ஹென்னிங் வந்தார். முகம் வெளுத்திருந்தது. மனைவியின் தோளைத் தொட்டார், கையைத் தொட்டார், முழங்காலைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கத்தினார்.

"அங்க பள்ளம் இருந்திருந்தா? மரம் இருந்திருந்தா?"

"இல்லையே."

"இருந்திருந்தா!"

"இல்லைங்கிறேன்ல."

"அடுத்த ஞாயித்துக்கிழமை நீ என் பின்னால உக்காந்து வர்றே. அவ்வளவுதான். உனக்கு அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

பயணத்தில் யார் வரலாம், யார் வரக் கூடாது என்பது தலைவர் சொல்வதுதான். அதை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. விப்கே உடைந்த லீவர் முனையைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் ஒவ்வொருவரிடமும், "நீ என்ன பார்த்தே?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

வேகம் அதிகம் என்றார் ஒருவர். டயர் சூடாகவில்லை என்றார் இன்னொருவர். வண்டி உனக்குக் கனம் என்றார் மூன்றாமவர்.

என்னிடம் கேட்டபோது, "வேகம் எல்லாம் இல்ல. நீ திருப்பவே இல்ல" என்றேன்.

"திருப்பவே இல்லையா?"

"இல்ல. கை வெளியில இருந்துச்சு. தலை நேரா இருந்துச்சு."

விப்கே வயலோரத்து வேலிக்கல்லில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி இல்லாத ஹாண்டிலைப் பிடித்தார். பிறகு இடது கையை எடுத்து வெளியே நீட்டினார். மறுபடியும் பிடித்தார். இடப்பக்கம் திரும்ப இடப்பக்கப் பிடியை முன்னால் தள்ள வேண்டும், அப்போதுதான் வண்டி அந்தப் பக்கம் சாயும். சொய்கா இதை எங்கள் காதில் ஓதி ஓதி ஏற்றியிருந்தார். அந்தக் கையே அங்கே இல்லை என்றால் எதைத் தள்ளுவது?

"அது ஒண்ணு," என்றார் விப்கே. "இன்னொண்ணு சொல்றேன் ஃபென்யா, சிரிக்காதே. நான் ரோட்டையே பார்க்கல. ஹென்னிங்கோட ஹெல்மெட்டைத்தான் பார்த்துட்டு இருந்தேன். இத்தனை வருஷமா எனக்கு முன்னால வேற என்ன தெரிஞ்சுது? அந்த ஹெல்மெட் இருந்தா வண்டி தானாப் போகும்னு உடம்பு நெனச்சுக்கிச்சு."

நான் சிரிக்கவில்லை. எழுந்தபோது அவர் முகம், டைவ் அடிக்கப் பயப்படும் பிள்ளையிடம் நாளைக்கும் வா என்று சொல்லும்போது இருக்குமே, அதுபோல இருந்தது. இந்த முறை அவர் சொன்னது தனக்குத்தானே.

மறுநாளே ஊல்ஃப் புது லீவர் மாட்டிக் கொடுத்தார். அந்த வாரம் முழுக்க, குளத்தில் பெயின்ட் வேலை தொடங்குவதற்கு முன்பு காலை வேளையில், காலியாகக் கிடந்த வாகன நிறுத்தத்தில் விப்கே சுற்றினார். பிள்ளைகள் முங்கி எடுக்கிற ரப்பர் வளையங்களைத் தரையில் போட்டு, அவற்றைப் பார்க்காமல் அவற்றுக்கு நடுவே போகப் பழகினார். பார்க்க வேண்டியது அடுத்த இடைவெளியை, வளையத்தை அல்ல. ஒன்றை நசுக்கினால் வண்டியை நிறுத்தி, "பார்த்துட்டீங்க" என்று சொய்காவின் குரலிலேயே தனக்குச் சொல்லிக்கொள்வார்.

சாலையில் போகும்போது இன்னொரு முடிவும் எடுத்திருந்தார். எதிரே யார் வந்தாலும் கையை எடுப்பதில்லை. தலையை மட்டும் லேசாக அசைப்பது. கை இரண்டும் பிடியிலேயே இருக்கப் பழகுகிறவரை அப்படித்தான்.

எங்கள் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. புதன்கிழமை ரொட்டிக் கடையில் நான் நின்றிருந்தபோதே பேச்சு வந்துவிட்டது.

"விப்கேயை ஆத்தோரமாப் பார்த்தேன். நான் கை காட்டினேன், அவ கண்டுக்கவே இல்ல," என்றார் ஒருவர்.

"சொந்த வண்டி வந்திருச்சுல்ல. இனிமே நாமெல்லாம் யாரு?"

அந்த நேரம் பார்த்து விப்கே உள்ளே வந்தார். விப்கே ஒரு கறுப்பு ரொட்டி கேட்டார். பிறகு திரும்பி, "வளைவுல கையை விட்டா வயலுக்குப் போறேன். நேர் ரோட்டுல வாங்க, அங்க பார்த்துக்கலாம்" என்றார். ரொட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து அந்தப் பேச்சு நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் இருக்கும்போது யாரும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை தீயணைப்பு நிலையத்தில் கூட்டம். ஹென்னிங் ஞாயிறு பயணத்தின் ஒழுங்கைச் சொல்லத் தொடங்கினார். "விப்கே என் பின்சீட்டுல..." என்று அவர் சொன்னதும் விப்கே எழுந்தார்.

"பின்சீட்டுல வர மாட்டேன். உன் பின்னால ரெண்டாவதாவும் வர மாட்டேன்."

"அப்புறம் எப்படி வருவே? பறந்தா?" என்றார் ஊல்ஃப்.

"முன்னால. எனக்கு முன்னால யாரும் இருக்கக் கூடாது. யாராவது இருந்தா அவங்க முதுகைத்தான் பார்ப்பேன். வெறும் ரோடு இருந்தா ரோட்டைப் பார்ப்பேன்."

ஒரே சலசலப்பு. புதியவர் முன்னால் போவதா? அதெல்லாம் வழக்கத்தில் இல்லை என்றார்கள்.

"வழக்கம் எதுக்கு வந்தது?" என்று கேட்டார் விப்கே. "புதுசா வந்தவன் யாரையும் துரத்தக் கூடாதுன்னுதானே? நான் முன்னால போனா யாரைத் துரத்துவேன்?"

ஹென்னிங் மேசையைப் பார்த்துக்கொண்டே, "நீ விழுந்தா நான் பார்க்கணுமா?" என்றார். அந்த அறையில் இருந்தவர்களை மறந்துவிட்டுப் பேசினார் என்று நினைக்கிறேன்.

"ஆமா, பின்னால இருந்து பாரு. நான் உன்னை அப்படித்தான் பார்த்துட்டு வந்தேன். நாளைக்குக் காலையில அதே ரோடு. நான் முன்னால, நீ பின்னால. ஃபென்யாவும் சாட்சிக்கு வரட்டும், இல்லைன்னா அப்புறம் நீ மாத்திப் பேசுவே. சரியா ஓட்டலைன்னா பேசாம பின்சீட்டுல ஏறிக்கிறேன்."

சனிக்கிழமை மூன்று பேரும் கிளம்பினோம். ராத்திரி மழை பெய்து சாலை அங்கங்கே ஈரமாக இருந்தது. விரிசல்களில் தார் ஊற்றி ஒட்டியிருக்கும் கறுப்புக் கோடுகள் ஈரத்தில் சோப்பு மாதிரி வழுக்கும். விப்கே அவற்றைக் குறுக்காகக் கடந்தார், அவற்றின் மேலேயே ஓடவில்லை. வழியில் உள்ள ஊருக்குள் போகும்போது எஞ்சினை முறுக்காமல் அடக்கி ஓட்டினார். சத்தம் தாங்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார்சைக்கிளுக்குச் சாலையை மூடச் சொல்லி மனு போட்டிருக்கிற கிராமம் அது.

ஆனால் ஹென்னிங்கால் இரண்டாவது இடத்தில் இருக்க முடியவில்லை. எத்தனையோ வருடமாக முன்னால் போனவர். மனைவியின் வண்டிக்குப் பின்னால் நெருங்கி நெருங்கிப் போனார். தள்ளி நின்று இடைவெளி விட வேண்டும் என்று எங்கள் எல்லோரையும் திட்டுகிறவர், பின்சக்கரத்தைத் தொட்டுவிடுவதுபோல ஒட்டிக்கொண்டார். விப்கே பேருந்து நிறுத்தத்தில் ஓரம் கட்டினார். நாங்களும் நின்றோம். அவர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினார்.

"ஹென்னிங், என்ன, என் டயருக்கு முத்தம் கொடுக்க வர்றியா?"

"பக்கத்துல இருந்தாத்தானே ஏதாவது ஆனா..."

"ஏதாவது ஆனா நீ என் மேலதான் ஏறுவே. சுவர்ல என்ன ஒட்டி வெச்சிருக்கே? யாரு எழுதினது அது?"

"நான்தான்," என்றார்.

"அப்போ தள்ளிப் போ. கண்ணாடியில உன் முகத்தைப் பார்க்கிறதா, ரோட்டைப் பார்க்கிறதா?"

அதற்குப் பிறகு அவர் இடைவெளி விட்டார். நான் அவருக்குப் பின்னால் இருந்ததால் அவர் தோள்கள் தெரிந்தன. காது வரைக்கும் தூக்கி வைத்திருந்தார். மனைவியின் வண்டி சாயும் ஒவ்வொரு முறையும் இவர் உடம்பும் சேர்ந்து சாய்ந்தது.

அந்த இடது வளைவு வந்தது. வளைவுக்கு முன்பே விப்கேயின் பிரேக் விளக்கு எரிந்தது. வேகம் குறைந்தது, விளக்கு அணைந்தது. அவர் தலை இடப்பக்கம் திரும்பி, வளைவு முடியும் இடத்தைப் பார்த்தது. அப்போதுதான் அங்கிருந்து ஒரு டிராக்டர் வெளியே வந்தது, சாலையில் மண்கட்டிகளை உதிர்த்துக்கொண்டு. அதன் ஓட்டுநர் எங்களுக்குத் தெரிந்தவர், கையைத் தூக்கினார்.

விப்கேயின் இரண்டு கைகளும் பிடியிலேயே இருந்தன. அவர் டிராக்டரைப் பார்க்கவில்லை, மண்ணைப் பார்க்கவில்லை. மண் விழாத தடம் எங்கே இருக்கிறதோ அங்கே பார்த்தார். வண்டி கீழே சாய்ந்து அந்தத் தடத்தில் போய், வளைவைத் தாண்டி நிமிர்ந்தது. பின்னால் வருகிற எங்களுக்காக வலது காலைப் பக்கவாட்டில் நீட்டி, தரையில் அழுக்கு இருக்கிறது, கவனம் என்று காட்டினார். ஹென்னிங் அதைப் பார்த்துத்தான் தன் தடத்தை மாற்றினார். நான் ஹென்னிங்கைப் பார்த்து மாற்றினேன்.

மேலே காட்டோரத்தில் நிறுத்தியபோது ஹென்னிங் ரொம்ப நேரம் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன?" என்றார் விப்கே.

"பின்னால உக்காந்து இப்படித்தான் இருந்துச்சா உனக்கு? இத்தனை வருஷமும்?"

"இதைவிட மோசம். உனக்காவது பிரேக் இருக்கு."

ஹென்னிங் தலையை ஆட்டினார். என்னிடம் திரும்பி, "ஊல்ஃப்கிட்ட சொல்லு, நாளைக்கு ரெண்டு கூட்டமாப் போறோம். ரெண்டாவதுக்கு இவ தலைமை. புதுசா வந்தவங்க எல்லாரும் இவ பின்னால" என்றார்.

ஞாயிறு காலை தேவாலய வாசலில் பாதிரியார் தண்ணீர் தெளித்தார். பொரித்த சாசேஜ் வாசனையும் எஞ்சின் வாசனையும் கலந்திருந்தன. ஹென்னிங்கின் கூட்டம் முதலில் போனது. நாங்கள் பின்னால் போனோம். விப்கே வைத்த வேகத்தில் யாரும் யாரையும் துரத்தவில்லை, யாரும் யாரையும் முந்தவும் இல்லை. ஹாஸல்பெர்க்கின் கொண்டை ஊசி வளைவுகளில் எங்கள் கூட்டத்தில் இல்லாத பழைய வண்டிக்காரர் ஒருவர் பின்னால் வந்து எரிச்சலில் ஹாரன் அடித்தார். விப்கே நேரான இடம் வந்ததும் வலப்பக்கம் ஒதுங்கி அவரைப் போகவிட்டு, தன் வேகத்திலேயே ஏறினார்.

உச்சியில் காபி குடித்து முடித்ததும் எல்லோரும் கிளம்பத் தயாரானார்கள். ஹென்னிங் தன் கூட்டத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். இறக்கம் ஏற்றத்தைவிடக் கஷ்டம். எடை முழுவதும் முன்சக்கரத்துக்கு வந்துவிடும்.

"இறங்கும்போது என்கூட வர்றியா? நான் மெதுவாத்தான் போவேன்," என்றார்.

விப்கே ஹெல்மெட் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "முடியாது ஹென்னிங். எனக்கு ஆளுங்க இருக்காங்க." எங்களைத் திரும்பிப் பார்த்தார். "ஃபென்யா, உன் கையுறை ஜிப் திறந்திருக்கு. போடு. உன் பின்னால இருக்கிற பையன் சைட் ஸ்டாண்டை இன்னும் மடக்கல, சொல்லு அவன்கிட்ட. எல்லாரும் ரெடியா?"

நாங்கள் தலையை ஆட்டினோம். அவர் கண்ணாடியைச் சரிசெய்து, முதல் கியரைப் போட்டு, தோளுக்கு மேலே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சாலையில் இறங்கினார். ஹென்னிங் நாங்கள் எல்லோரும் போகிறவரை ஓரமாக நின்றார். பிறகு ஊல்ஃபுக்கும் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார்.